மௌனத்தின் முறை

1

கிதார் உரக்கப் பேசத் தெரியாத வாத்தியம். தந்தியை மீட்டிய கணத்திலேயே ஒலி சாகத் தொடங்கிவிடுகிறது. வயலினைப்போல வில்லால் இழுத்து அதை நீட்டமுடியாது. நாதஸ்வரத்தைப்போல மூச்சால் நிரப்பமுடியாது. சின்ன அறையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டால் அதன் நிறங்களெல்லாம் தெரிகின்றன. ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில், பின்னால் ஐம்பது அறுபது பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு, அதை எதற்காக முன்னால் உட்கார்த்தவேண்டும்? ஒரு டிரம்பெட் வாயைத் திறந்தால் போதும், கிதார் இருந்த இடம் தெரியாது.

கான்செர்ட்டோ என்ற வடிவமே இந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. அச்சொல்லின் லத்தீன் வேருக்குப் போட்டியிடுதல் என்று பொருள். இத்தாலிய மொழியில் அதுவே பேசி ஒத்துக்கொள்வதைக் குறிக்கிறது. பியானோ இரண்டு அர்த்தத்தையும் தாங்கும். ஆர்க்கெஸ்ட்ராவோடு மல்லுக்கு நின்றுவிட்டுப் பிறகு சமாதானமாகப் போகும். கிதாருக்கு முதல் அர்த்தம் கிடையாது. போட்டி என்று வந்தால் முதல் அடியிலேயே அது காணாமல் போய்விடும். ஆகவே கிதார் கான்செர்ட்டோவில் நம் காதில் விழுகிற ஒவ்வொரு ஸ்வரமும், யாரோ அடங்கியிருப்பதால் விழுகிற ஸ்வரம். இந்த அடக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. பலம் உள்ளவன் இல்லாதவனுக்குக் காட்டும் கருணையா? அல்லது அவனுக்குச் சேரவேண்டியதைச் சேர்ப்பிக்கும் நியாயமா? கருணை என்றால் பெற்றவன் நன்றி சொல்லவேண்டும். நியாயம் என்றால் சொல்லவேண்டியதில்லை. வித்தியாசம் சிறியதல்ல.

இதைத் தஞ்சாவூரில் உட்கார்ந்து யோசிப்பது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832) இந்த ஊர் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் கோஷ்டி வாசித்திருக்கிறது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் பிடிலை எடுத்து நம் வாத்தியமாக்கிக்கொண்டார்கள். தீட்சிதரே வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். அவற்றை இன்றும் நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிதார் மட்டும் அந்த வழியாக வரவில்லை. மாதா கோயில் பாட்டு, சினிமா, மெல்லிசைக் குழு என்று வேறு வாசல் வழியாக வந்தது. அதுவும் பெரும்பாலும் பாடுகிறவனுக்குப் பின்னால் நிற்கும் துணை வாத்தியமாக. தனியாக உட்கார்ந்து பேசக்கூடிய வாத்தியம் அது என்பதே எங்களில் பலருக்கு ஒலிநாடா மூலமாகத்தான் தெரியவந்தது. கிதார் கான்செர்ட்டோ எதையும் நான் மண்டபத்தில் நேராகக் கேட்டதில்லை. முதலில் காசெட், பிறகு குறுந்தகடு, இப்போது ஹெட்போன். இந்த நிலைமையும் என் கேள்வியில் ஒரு பகுதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

2

உதாரணத்துக்கு, பலருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: ஹோவாகின் ரோட்ரிகோவின் ஆரன்ஹுவெஸ் கான்செர்ட்டோ. ரோட்ரிகோ (1901–1999) மூன்று வயதில் பார்வையை இழந்தவர். பிரெயில் முறையில் எழுதி, பிறகு இன்னொருவருக்குச் சொல்லி எழுதவைப்பார். பியானோ தெரியும், கிதார் வாசிக்கத் தெரியாது. இந்த கான்செர்ட்டோவை 1939இல் பாரிஸில் எழுதினார். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் முடிகிற சமயம். அதே 1939இல்தான் மரியோ காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ, யூதர் என்பதற்காக இத்தாலியை விட்டு வெளியேற நேர்ந்த சமயத்தில், ஸெகோவியாவுக்காகத் தம் முதல் கிதார் கான்செர்ட்டோவை முடித்தார். கிதார் கான்செர்ட்டோ புதிய வடிவமல்ல; மௌரோ ஜூலியானி 1808இலேயே வியன்னாவில் ஒன்றை வாசித்திருக்கிறார். இருந்தாலும் ஐரோப்பா முழுவதும் சத்தம் போடுகிறவர்கள் கையில் இருந்த ஒரு வருஷத்தில், சொந்த மண்ணில் காலூன்ற முடியாதிருந்த இரண்டு பேர் இந்த மெல்லிய வாத்தியத்தைப் பெரிய கூட்டத்துக்கு முன்னால் உட்கார்த்திப் பார்த்தார்கள் என்பது யோசிக்கத்தக்கது. இருவருக்கும் பிரச்னை ஒன்றுதான்: கூட்டத்தையும் வைத்துக்கொள்ளவேண்டும், ஒற்றைக் குரலும் கேட்கவேண்டும்.

ரோட்ரிகோ இதை எப்படிச் சமாளித்தார் என்பது காதுக்கே தெரிகிறது. மரக்குழல்கள் இரண்டிரண்டு, ஹார்ன் இரண்டு, டிரம்பெட் இரண்டு, தந்தி வாத்தியங்கள். முரசு கிடையாது. முதல் பகுதியை ஆர்க்கெஸ்ட்ரா தொடங்குவதில்லை. கிதார்தான் தந்திகளை மொத்தமாக உரசித் தொடங்குகிறது. கீழே டபிள்பாஸ்கள் ஒரே ஸ்வரத்தைத் தம்பூராவைப்போல மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கூட்டம் பேசும்போது தன் முழு உடம்போடு பேசுகிறது. கிதார் வாயெடுக்கும்போது அதில் பெரும்பகுதி விலகிக்கொள்கிறது. ஒற்றைக் குழல், ஒற்றை செல்லோ, விரலால் சுண்டும் வயலின்கள் என்று நாலைந்து இழைதான் மிஞ்சும்.

இரண்டாம் பகுதியான அடாஜியோவில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகிறது. கிதார் சும்மா சில கோர்வைகளை மீட்டிக்கொண்டிருக்க, அந்தப் பிரசித்தமான மெட்டை முதலில் பாடுவது இங்கிலீஷ் ஹார்ன் என்னும் மரக்குழல். கதாநாயகன் என்று நினைத்தவன் பின்பாட்டுக்காரனாகத் தொடங்குகிறான். அந்தக் குழல் ஒரு வரியை முடித்தபிறகு கிதார் அதே வரியை எடுத்து, அசைவுகளும் பிருகாக்களும் சேர்த்து, தன் பாஷையில் சொல்கிறது. இப்படி மாறி மாறிப் போகிறது. நடுவில் கிதார் நீண்ட நேரம் தனியாகப் பேசுகிறது. அத்தனை பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அது ஏறி ஏறி, தன் சக்திக்கு மேலே போய், இதற்குமேல் தன்னால் சொல்லமுடியாது என்ற இடத்தில், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அந்த மெட்டை எடுத்துப் பாடுகிறது. அப்போது கிதார் பேசுவதில்லை. காத்திருக்கிறது. கூட்டம் ஓய்ந்தபிறகு திரும்பவும் நுழைந்து, கடைசியில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் எழுப்புகிற மெல்லிய ஸ்வரங்களில் ஏறி முடிகிறது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காத்திருப்பின் தன்மை. ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்காமல் இருப்பவன் சும்மா இருப்பதில்லை. அவனுக்கு எதிரே இருக்கிற தாளில் அவனுடைய மௌனம் எழுதப்பட்டிருக்கிறது: இத்தனை கட்டம் ஓய்வு. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். எண்ணுவதை விட்டால் அடுத்து நுழையவேண்டிய இடம் தவறும். அந்தத் தாளில் ஓசைக்கு எவ்வளவு மரியாதையோ மௌனத்துக்கும் அவ்வளவு மரியாதை. கிதார்க்காரனின் தாளிலும் அப்படி ஓய்வுகள் இருக்கின்றன. இரண்டு தரப்பும் எண்ணுகிறது.

இதே அடாஜியோவை மைல்ஸ் டேவிஸ் எடுத்து, கில் எவன்ஸ் அமைத்த குழுவோடு தம் ஊதுகுழலில் வாசித்தது 1960இல் இசைத்தட்டாக வந்தது. அதன் அழகு வேறு. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் நான் பேசுகிற பிரச்னை அங்கே இல்லை. டிரம்பெட்டுக்காக யாரும் ஒதுங்கவேண்டிய அவசியமில்லை. அதை வாசிக்கிறவன் தன் குரலைத் தானே அடக்கிக்கொள்கிறான். பலம் உள்ளவன் தாழ்ந்து பேசுவதும், பலமில்லாதவன் பேச மற்றவர்கள் இடம் விடுவதும் ஒன்றல்ல.

3

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இதற்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது: முறை. தண்ணீர் தாராளமாக வருகிற வருஷத்தில் அந்தச் சொல் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மேட்டூரில் மட்டம் இறங்கிவிட்டால் காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மாற்றி மாற்றி முறை வைத்து விடுகிறார்கள். ஒன்றில் ஓடுகிறபோது இன்னொன்றில் குறைப்பார்கள். வாய்க்கால் அளவிலும் அதே கதை. தலைமடைக்காரன் தன் மடையை அடைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். 1934இல் முடிந்த கல்லணைக் கால்வாயின் கோடியில், பேராவூரணிப் பக்கத்தில் ஒருவன் வயலில் தண்ணீர் ஏறுகிறது என்றால், வழிநெடுக அத்தனை மதகுகள் அந்த நேரத்தில் இறக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அவன் வயலில் நிற்பது, மேலே யாரோ எடுத்துக்கொள்ளாமல் விட்ட தண்ணீர்.

தலைமடைக்காரனைக் கேட்டால் சில சமயம், ‘விட்டுக்கொடுத்தேன்’ என்பான். கடைமடைக்காரன் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ‘எங்க முறைத் தண்ணி’ என்றுதான் சொல்வான். ஒரே தண்ணீர், ஒருவன் வாயில் கருணை, இன்னொருவன் வாயில் நியாயம். தமிழில் முறை என்ற சொல் இந்த விஷயத்தில் ஆச்சரியமான சொல். வரிசையில் நம் இடம் வந்தால் அது நம் முறை. அரசன் முறை செய்தான் என்றால் நியாயம் வழங்கினான். ‘அவர் உங்களுக்கு என்ன முறை?’ என்று கேட்டால் உறவு விசாரிக்கிறோம். காத்திருப்பதும் நியாயமும் உறவும் ஒரே சொல்லில் அடைந்து கிடக்கின்றன. கான்செர்ட்டோவில் நான் கேட்பது இந்த மூன்றும் சேர்ந்த ஒன்றை.

ஆனால் உவமையை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்கக்கூடாது. தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும். தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனிடமிருந்து வரவேண்டிய தண்ணீர் எதுவும் இல்லை. அவன் மடையை அடைப்பதால் அவனுக்குத் திரும்பி வருவது ஒன்றுமில்லை. அதனால்தான் அங்கே மதகை ஏற்றி இறக்க லஸ்கர் வேண்டியிருக்கிறது. சில வருஷங்களில் ராத்திரி காவலும் வேண்டியிருக்கிறது. சரிவு ஒருபக்கமாக இருக்கும் இடத்தில் முறை வெளியிலிருந்து காக்கப்படவேண்டிய ஒன்றாகிவிடுகிறது. சங்கீதத்தில் சரிவு இரண்டு பக்கமும் இருக்கக்கூடும். கிதார் சொல்லாமல் கூட்டத்துக்கு அந்த மெட்டு கிடைக்காது. கூட்டம் எடுத்துப் பாடாமல் கிதாரின் துக்கம் அதன் சின்ன உடம்பைவிட்டு வெளியே வராது. முறை என்பது வெறும் ஒழுங்காக இல்லாமல் தேவையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

4

மெல்லிய வாத்தியத்தின் பிரச்னை நமக்குப் புதிதல்ல. பண்ருட்டிப் பலாவைக் குடைந்து இந்த ஊரில் செய்கிற வீணை, ரகுநாத நாயக்கர் காலத்திலிருந்து இருபத்துநாலு மெட்டுகளோடு நிற்கிறது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நாதமும் கிதாரைப்போல உடனே தேய்கிற நாதம்தான். தேய்கிற நாதத்தைத் தந்தியை இழுத்து, கமகத்தால் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போகலாம். அவ்வளவுதான்.

வீணைக்கு வேண்டிய மௌனத்தை அதன் முழு அளவில் பெற்றவர் என்று வீணை தனம்மாளைச் சொல்வார்கள். தஞ்சாவூர் அரண்மனைக் கலைஞர்களின் வம்சம். 1938இல் காலமானார். சென்னையில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். மிருதங்கம் வைத்துக்கொள்ளாமல் வாசிப்பதே அவருக்கு வழக்கம். வந்திருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். அந்த அறையைப் பற்றிப் பேசாத சங்கீத ரசிகன் இல்லை. அங்கே நிலவிய மௌனத்தை ஒரு லட்சியமாகவே வைத்துப் பேசுகிறார்கள்.

எனக்கு அந்த லட்சியத்தில் ஒரு முள் உறுத்துகிறது. அந்த அறையில் அடங்கி உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வித்வான்களும் பெரிய மனிதர்களும். தனம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அறைக்கு வெளியே அவர் குலத்துப் பெண்களை அந்தச் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வீணைக்காக அடங்கிய வாய்கள் வாசலைத் தாண்டியதும் அந்தப் பெண்களைப் பற்றி எப்படிப் பேசியிருக்கும்? மௌனம் வாத்தியத்துக்குக் கிடைத்தது. அதை வைத்திருந்த கைக்கு எவ்வளவு கிடைத்தது என்று சொல்லமுடியாது. கலைக்குத் தருகிற மரியாதை மனிதருக்குத் தராமல் தப்பித்துக்கொள்கிற வழியாகவும் ஆகக்கூடும்.

இன்றைய கச்சேரியிலும் முறை உண்டு. பல்லவிக்குப் பிறகோ பிரதான கீர்த்தனைக்குப் பிறகோ பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் போடுகிறார். மிருதங்கத்துக்குத் தனி விடுகிறார். இரண்டு மணி நேரம் பிறருக்காகத் தன்னை அளந்து அளந்து வாசித்தவனின் முறை அது. கிட்டத்தட்ட ரோட்ரிகோவின் தாளில் இருக்கிற அதே ஏற்பாடு. ஆனால் தனி ஆரம்பித்ததும் சபையில் பாதிப்பேர் காபிக்கு எழுந்து போகிறார்கள். மேடையில் முறை இருக்கிறது, கீழே இல்லை. அடங்கி வாசித்ததைக் காது அனுபவித்தது. அதற்குப் பதிலாக அடங்கிக் கேட்கவேண்டிய நேரம் வந்ததும் கால் நகர்கிறது. இதை ரசனைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. இது வாங்கிய கடனைத் திருப்பாத காரியம்.

ஒலிபெருக்கி வந்தபோது இந்தக் கடன் விவகாரமே தீர்ந்துவிட்டதாகத் தோன்றியது. யாரும் யாருக்காகவும் அடங்கவேண்டாம். வேண்டிய குரலை வேண்டிய அளவுக்குத் திருகிக்கொள்ளலாம். வீணைக்கு அதன் உடம்பிலேயே ஒட்டவைக்கிற மைக் வந்துவிட்டது. மேற்கில் ஸெகோவியா கடைசிவரை கிதாருக்கு மைக் வைப்பதை ஏற்கவில்லை. அடுத்த தலைமுறையில் ஜான் வில்லியம்ஸ் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும்போது கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டார். இங்கே அதை எதிர்த்தவர் மெல்லிய வாத்தியக்காரர் அல்ல, மிருதங்க வித்வான். தஞ்சாவூர் வைத்தியநாதய்யரிடம் கற்ற பாலக்காடு மணி அய்யர் (1912–1981), ஒரு கட்டத்தில், மைக் வைத்த கச்சேரியில் வாசிப்பதில்லை என்று இருந்தார். யோசித்தால் இதில் தர்க்கம் இருக்கிறது. மைக் இல்லாத மேடையில் மிருதங்கம் எவ்வளவு அடங்கவேண்டும் என்பதை வாசிக்கிறவன் தன் காதால் தீர்மானிக்கிறான். மைக் வைத்ததும் அந்தத் தீர்மானம் பக்கத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் கைக்குப் போய்விடுகிறது. முறையைக் காப்பது வாசிப்பவனின் காரியமாக இல்லாமல் ஆகிவிடுகிறது.

எதிர்த்தரப்புக்கும் வலுவான நியாயம் இருக்கிறது. மைக் இல்லாமல் தனம்மாளின் அறைக்குள் எத்தனை பேர் போகமுடியும்? போகக் கூடியவர்கள் யார்? மெல்லிய வாத்தியங்கள் வீட்டுக்குள்ளும் உரத்த வாத்தியங்கள் தெருவிலும் இருந்ததற்கு ஒலியியல் மட்டும் காரணமல்ல. உள்ளே நிசப்தம் வேண்டுமென்றால் தெருவில் யாரோ ஒதுங்கிப் போகவேண்டும். பறை இந்தத் தெருவில் வரக்கூடாது என்று சொன்ன காதும், வீணையின் கமகத்துக்காக ஏங்கிய காதும் சில வீடுகளில் ஒரே காதாக இருந்திருக்கின்றன. வானொலியும் ஒலிநாடாவும் வந்துதான், அந்த அறைகளுக்குள் ஒருபோதும் விடப்பட்டிருக்க மாட்டாதவர்கள் வீணை என்பது என்ன என்று கேட்டார்கள். கிதாரும் எனக்கு அப்படித்தான் வந்தது. ஆகவே மைக்கை வெறும் பொய் என்று சொல்லும் சௌகரியம் எனக்கு இல்லை.

மணி அய்யரின் நாதத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்லவேண்டும். அவருடைய மிருதங்கங்களுக்குத் தோல் கட்டியவர் பர்லாந்து. தஞ்சாவூரில் மிருதங்கம் செய்த செபாஸ்டியனின் மகன். தலித் கிறிஸ்தவக் குடும்பம். டி.எம். கிருஷ்ணா 2020இல் இந்தத் தொழிலாளிகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு அந்தத் தகப்பன் பெயரைத்தான் தலைப்பில் வைத்தார். மாட்டுத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்து, மூட்டு கட்டி, இன்ன இடத்தில் இவ்வளவு அடங்கவேண்டும் என்று காதால் தீர்மானித்த கைகள் அவை. மேடையில் பாடகர் பெயர், பிடில் பெயர், மிருதங்கத்தின் பெயர் எல்லாம் சொல்கிறார்கள். இந்தக் கையின் பெயரைச் சொல்வதில்லை. இவர்களும் கச்சேரி முழுவதும் மௌனமாக இருப்பவர்கள்தான். ஆனால் இந்த மௌனம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. இதற்குப் பிறகு நுழைகிற இடம் என்று ஒன்று இல்லை.

5

அடக்கங்களைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான்: அடங்கியிருப்பவனுக்கு அடுத்த கட்டம் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்பட்டிருந்தால் அவன் மௌனம் முறை. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான், எண்ணிக்கை முடியும், அவன் நுழைவான். எழுதப்படாவிட்டால் அது வெறும் வாயடைப்பு. வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிசப்தத்துக்குத் தன் காரணத்தைச் சொல்லத் தெரியாது.

ஆரன்ஹுவெஸ் கான்செர்ட்டோ முதலில் அரங்கேறிய சந்தர்ப்பமே இதற்குச் சாட்சி. 1940 நவம்பர் 9, பார்ஸிலோனா. கிதார் வாசித்தவர் ரெஹினோ ஸைன்ஸ் தெ லா மாஸா. அந்த நகரம் அப்போது பிராங்கோவின் பிடியில் இருந்தது. அந்த ஊர் ஜனங்களின் கத்தலான் மொழிக்குப் பொது வாழ்க்கையில் இடமில்லை. கத்தலோனியாவின் ஜனாதிபதியாக இருந்த லூயிஸ் கம்பானிஸை அதே நகரில் அக்டோபர் 15 அன்று சுட்டுக் கொன்றிருந்தார்கள். இருபத்தைந்து நாள் இடைவெளி. மண்டபத்துக்குள்ளே ஒரு மெல்லிய வாத்தியம் கேட்பதற்காக டிரம்பெட்டுகள் எண்ணிக்கொண்டு காத்திருந்தன. மண்டபத்துக்கு வெளியே ஒரு நகரமே, எண்ணிக்கை ஏதும் தரப்படாமல், அடங்கிக் கிடந்தது. ரோட்ரிகோவை இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அந்த மெட்டில், குறைப்பிரசவத்தில் இழந்த முதல் குழந்தையின் துக்கம் இருப்பதாக அவர் மனைவி விக்டோரியா காமி பிற்பாடு சொல்லியிருக்கிறார். துக்கம் அவருடையது, உண்மையானது. நான் சொல்வது இவ்வளவுதான்: கலைக்குள்ளே ஒரு நியாயமான ஏற்பாடு சாத்தியம் என்பதால் அது வெளியே பரவிவிடும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் கிடையாது. நல்ல சங்கீதம் மனிதனை நல்லவனாக்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு அந்த மாலை ஒரு பதில். அதனால் அந்தக் கலைக்குள் இருக்கிற ஏற்பாடு பொய்யாகிவிடுவதில்லை. நியாயம் எப்படி இருக்கும், அதன் ஓசை என்ன என்பதையாவது அது காட்டுகிறது. தெரியாத ஒன்றைக் கேட்டு வாங்கமுடியாது.

என் நிலைமைக்கு வருகிறேன். ஒலிப்பதிவில் கிதாருக்குப் பக்கத்தில் மைக் வைக்கிறார்கள். ஹெட்போனில் அது ஐம்பது பேருக்குச் சமமான ஆகிருதியோடு என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் நான் கேட்பது கான்செர்ட்டோதானா? மண்டபத்தில் அடங்கியவர்களின் அடக்கம் எனக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டதே? ரொம்ப நாள் யோசித்தபிறகு ஒன்று பட்டது. பதிவு செய்பவன் ஒலியின் பருமனை மாற்றமுடியும். எத்தனை பேர் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதை அவனால் மாற்றமுடியாது. கிதாரை எவ்வளவு பெரிதாக்கினாலும், அதைச் சுற்றி அந்த நேரத்தில் ஒற்றைக் குழல் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்கள் இருந்த இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தைக் கேட்கக் கற்றுக்கொள்ளலாம். டிரம்பெட் வாசிப்பதை எல்லோரும் கேட்கிறார்கள்; அடாஜியோவில் டிரம்பெட் வாசிக்காமல் இருப்பதைக் கேட்பது கொஞ்சம் பழக்கத்தில் வருகிற காரியம். ஒலிநாடாவில் இழந்தது அதிகம். இது மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று மிஞ்சவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மண்டபத்தில் கேட்கிறவனும் அடங்குகிறான். அவனுக்கு அடுத்த கட்டம் எதுவும் எழுதப்படவில்லை. வாசிக்க அவன் முறை வரப்போவதில்லை. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. முறையிலும் சேராத, வாயடைப்பிலும் சேராத மூன்றாவது மௌனம் அது. கருணை என்ற சொல் எங்காவது பொருந்துமானால் இங்கேதான் பொருந்தும். ஹெட்போன்காரன் இதைக் கொடுக்கவேண்டியதில்லை. அவன் இருமலாம், காபி குடிக்கலாம், நடுவில் நிறுத்திவிட்டுப் போய் வரலாம். கிதாருக்கு ஒன்றும் ஆகாது.

அதனால் சில ராத்திரிகளில் ஹெட்போனை வைத்துவிட்டு, சின்ன ஒலிபெருக்கியில், கிதார் உண்மையில் எவ்வளவு கேட்குமோ ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைத்துவைத்துக் கேட்கிறேன். மின்விசிறியை நிறுத்தவேண்டியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வயலில் பம்புசெட் ஓடுகிறது; இந்த வருஷத் தண்ணீருக்கு அது ஓடித்தான் ஆகவேண்டும். எங்கோ கோயிலில் குழாய் ரேடியோ பாடுகிறது. பக்கத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். அடாஜியோவின் பாதி இவற்றுக்குள் போய்விடுகிறது. கோபம் வருகிறது, பிறகு அந்தக் கோபத்தின் யோக்யதை என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். இவர்களை அடங்கச் சொல்லும் அதிகாரம் என்னிடம் இருந்தால் நான் அதைப் பயன்படுத்துவேனா? பயன்படுத்தினால், அவர்களுடைய தாளில் எத்தனை கட்டம் ஓய்வு என்று எழுதுவேன்? அதற்குப் பிறகு அவர்கள் நுழையவேண்டிய இடத்தையும் குறித்துக் கொடுப்பேனா? கொடுத்தால், அந்த இடம் வரும்போது நான் அடங்கிக் கேட்பேனா, அல்லது காபிக்கு எழுந்து போய்விடுவேனா?